விச்சென்ஸா போறவங்க கொஞ்சம் சாப்பிட்டுட்டு வாங்க

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்களிடம் இத்தாலி என்றால், அடுத்த வார்த்தையாக விச்சென்ஸா என்பார்கள். வருசா வருசம் ஜனவரியில் அந்த ஊரில் பெரிய நகைச் சந்தை கூடும். அதோடு சேர்த்து நகைத் தொழில் மிஷின்களுக்குத் தனிக் கண்காட்சி. செயின் பின்னுவது, கம்பி இழுப்பது, லேசரில் பத்த வைப்பது எல்லாம் கண்ணெதிரே ஓடவிட்டே காட்டுவார்கள். எங்கள் பட்டறையில் ஓடும் செயின் மிஷினும் அந்தப் பக்கத்து உருப்படிதான்.

சேலத்திலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கூட்டமாகப் போவார்கள். டிராவல்ஸ்காரரே சமையலுக்கும் ஆள் கூட்டி வந்து, ராத்திரி ஹோட்டலில் சாம்பார் சாதம், தயிர் சாதம், அப்பளம் என்று போட்டுவிடுவார். வயிற்றுக்குக் குறை இல்லை. ஆனால் பல பேர் அந்த ஊருக்குப் பலமுறை போய் வந்தும், ஊர்க்காரர்கள் சாப்பிடும் இடத்தில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. இது எனக்கு ரொம்ப நாளாகவே மனசில் உறுத்துகிற விசயம். அவர்கள் செய்த மிஷினை நம்பித்தான் நம் வீட்டு அடுப்பு எரிகிறது. அவர்கள் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டாமா?

இந்த வருசம் முதல்முறையாகப் போகிற நம் பசங்க ரெண்டு பேர் கடைக்கு வந்து, "அண்ணா, அங்க சாப்பாட்டுக்கு என்னண்ணா பண்றது?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ட்ரட்டோரியா என்று பலகை போட்டிருக்கும் இடம் குடும்பம் நடத்துகிற சாப்பாட்டுக் கடை. பெரிய ரெஸ்டாரண்டுகளின் பகட்டு இருக்காது. வீட்டம்மா மேஜை பார்ப்பார், கணவரோ மகனோ சமையலில் இருப்பார். மெனு ஒரே தாளில் முடிந்துவிடும், சில இடங்களில் கையால் எழுதி ஜெராக்ஸ் போட்டது. வாசலில் நின்று வா வா என்று கூப்பிடுகிற கடை, ஒவ்வொரு பண்டத்துக்கும் கலர் படம் ஒட்டி வைத்திருக்கிற கடை, இரண்டையும் தாண்டிப் போங்கள். விலைப்பட்டியலை வெளியே தொங்கவிட்டிருப்பார்கள், நின்று நிதானமாகப் படித்துவிட்டு உள்ளே போகலாம்.

நேரம் முக்கியம். மதியம் பன்னிரண்டு பன்னிரண்டரையிலிருந்து ரெண்டு ரெண்டரை வரை, ராத்திரி ஏழு ஏழரைக்கு மேல். நடுவில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பசிக்கிறது என்று போய் நின்றால் கதவு சாத்தியிருக்கும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு, எந்தக் கிழமை என்பது கடைக்குக் கடை மாறும்.

நான் மாமாவோடு போனேன். மாமா என் அம்மாவின் தம்பி, எங்கள் பட்டறைக் கணக்கு முழுக்க அவர் கையில். சபரிமலைக்கு மாலை போட்டுப் போட்டுப் பழகி, ஒரு கட்டத்தில் கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டவர். "நான் ரூம்லயே தயிர் சாதம் சாப்ட்டுக்கறேன், நீ போய்ட்டு வா மாப்ள" என்றவரை விடாமல் இழுத்துக்கொண்டு போனேன்.

ஊரின் நடுவே பல்லாடியோ என்ற கட்டடக் கலைஞர் 16-ம் நூற்றாண்டில் வெள்ளைக் கல்லில் இரண்டடுக்குத் தூண் வரிசை எழுப்பிய பெரிய மண்டபம் இருக்கிறது. அதன் தரைத்தளத்தில் காலங்காலமாகத் தட்டான் கடைகள். பனி இறங்கியிருந்த அந்த ராத்திரியில், மாமா அந்தக் கடைக் கண்ணாடிகளில் நெற்றியை ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு பத்தவைப்பாகப் பார்த்தார். அவரைக் கிளப்பி, பின்னால் இருக்கும் சந்தில் எங்கள் மிஷின் கம்பெனி மெக்கானிக் சொல்லிவிட்ட ட்ரட்டோரியாவுக்குள் நுழைந்தேன்.

உள்ளே போனதும் வணக்கம் சொல்ல வேண்டும். ராத்திரியானால் "புவொனசேரா". சொல்லிவிட்டு நில்லுங்கள், காலியாக இருக்கிறதே என்று நீங்களே போய் உட்காராதீர்கள். எத்தனை பேர் என்று விரலால் காட்டினால் போதும், அவர்கள் இடம் காட்டுவார்கள். அறுபது வயசிருக்கும் ஓர் அம்மா வந்தார். எங்கள் ஜெர்கினை வாங்கி மாட்டினார். ரொட்டிக் கூடையை வைத்தார். தண்ணீர் சாதாவா, கேஸ் போட்டதா என்று கேட்டார். தண்ணீர் பாட்டிலில்தான் வரும், காசு உண்டு. ரொட்டிக்குத் தனித் தட்டு கிடையாது, மேஜைத் துணி மேலேயே வைத்துப் பிய்த்துச் சாப்பிடுவார்கள். அந்த ரொட்டியால் தட்டில் மிஞ்சும் குழம்பை வழித்துச் சாப்பிடுவது அங்கே தப்பே இல்லை, சமைத்தவருக்கு அதில் சந்தோசம்.

அவர்கள் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தொட்டுக்கொள்ளச் சில்லறைப் பண்டங்கள், அது ஆன்டிபாஸ்தோ. பிறகு ப்ரீமோ: பாஸ்தா, ரிசோட்டோ அல்லது சூப். அடுத்து செகொண்டோ: கறியோ மீனோ. அதற்குக் காய்கறி தானாக வராது, கொந்தோர்னோ என்று தனியாகச் சொல்ல வேண்டும். கடைசியில் இனிப்பு, அதன் பின் காப்பி. எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள், ஒரு ப்ரீமோவும் ஒரு கொந்தோர்னோவும் போதும் என்றாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். எல்லாத் தட்டையும் ஒரே நேரத்தில் நடுவில் பரப்பி ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிற நம் பழக்கத்தை மட்டும் அன்றைக்கு ஒதுக்கி வையுங்கள். ஒன்று முடிந்து தட்டு எடுத்த பிறகுதான் அடுத்தது அடுப்பிலிருந்து இறங்கும். அந்தச் சூட்டில்தான் அதற்கு ருசி.

மாமாவுக்கு என்ன வாங்குவது என்பதுதான் பெரிய யோசனை. மெனுவில் பாஸ்தாவும் பயறும் போட்ட சூப் ஒன்று இருந்தது. பெயரைப் பார்த்தால் சைவம். போனில் மொழிபெயர்ப்பை எடுத்து, "இவர் கறி, மீன், முட்டை எதுவும் சாப்பிட மாட்டார், இதில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா" என்று எழுதிக் காட்டினேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டு மெதுவாகப் படித்தார். மெனுவில் அந்தச் சூப் இருந்த வரியின் மேல் விரலை வைத்து, வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு மாமாவைப் பார்த்து, ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்தி, இது ஆகும், இது ஆகாது என்று காட்டிக்கொண்டே வந்தார். கடை நிறையக் கூட்டம். அவர் அவசரப்படவே இல்லை. மாமாவின் தயக்கம் அந்த நிமிசத்தோடு போய்விட்டது.

சைவக்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். வடக்கு இத்தாலியில் கையால் செய்கிற புது பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும். ஸ்பகெட்டி மாதிரி காய்ந்த பாஸ்தா கோதுமை ரவையும் தண்ணீரும்தான். 1967-ல் போட்ட சட்டமே அதை அப்படி வரையறுத்தது, முட்டை சேர்த்தால் முட்டை பாஸ்தா என்று சொல்லித்தான் விற்க வேண்டும். ஆகவே தக்காளி போட்ட ஸ்பகெட்டி நம்பிச் சாப்பிடலாம். சீஸ் விசயம் வேறு. பார்மிஜானோவும் கிரானாவும் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையால் பாலைத் திரித்துச் செய்பவை. இது நம் ஊரில் நிறைய சைவக்காரர்களுக்குத் தெரியாது, மேலே தூவிக் கொடுத்தால் சாப்பிட்டுவிடுவார்கள். சாப்பிடுவதும் விடுவதும் அவரவர் முடிவு, தெரிந்து முடிவெடுக்கட்டும். மாமா வேண்டாம் என்றார். மீனும் சிப்பியும் போட்ட பாஸ்தாவுக்கு அவர்களே சீஸ் போட மாட்டார்கள், நீங்களும் கேட்காதீர்கள்.

மாமாவுக்கு ஸ்பகெட்டி வந்தது. அதற்குப் பிறகு சுட்ட ரதிக்கியோ. அது பக்கத்து ட்ரெவிசோ ஊரின் குளிர்காலக் கீரை, கருஞ்சிவப்பு நிறம், நல்ல கசப்பு. உப்பும் ஆலிவ் எண்ணெயும் மட்டும். கூடவே காளானும், மக்காச்சோள மாவில் செய்த மஞ்சள் பொலென்டாவும். எனக்கு பக்காலா.

இந்த பக்காலாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். விச்சென்ஸாவின் பெருமை அதுதான். கடல் இல்லாத ஊரின் பெரும் பண்டம் ஒரு மீன், அதுவும் நார்வேயிலிருந்து வரும் காய்ந்த மீன். லோஃபோட்டன் தீவுகளில் குளிர்காலத்தில் பிடிக்கும் காட் மீனை உப்புப் போடாமல், மரச் சட்டங்களில் தொங்கவிட்டு, பிப்ரவரியிலிருந்து மே வரை குளிர்காற்றிலேயே காய வைக்கிறார்கள். உப்பில்லாக் கருவாடு. நான் அதைப் பற்றி விசாரித்ததும் அந்த அம்மா உள்ளே போய் முழுசாக ஒன்றை எடுத்து வந்தார். என் முழங்கையை விட நீளம், தலை இல்லை, தோல் சுருங்கி வைக்கோல் நிறத்தில் இருந்தது. மேஜை விளிம்பில் தட்டினார். மரம் தட்டிய சத்தம். மாமா கையில் வாங்கி எடை பார்த்தார், அவர் கை அப்படிப் பழகிய கை.

இந்த மீன் அந்த ஊருக்கு வந்த கதை 1431-ல் தொடங்குகிறது. வெனிஸ் வியாபாரி பியெத்ரோ குவெரீனி, கிரீட் தீவிலிருந்து ஒயின் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு பெல்ஜியம் பக்கம் கிளம்பினார். புயலில் கப்பல் போச்சு. படகில் தத்தளித்து, பிழைத்த கொஞ்சம் பேர் 1432 ஜனவரியில் நார்வேயின் ரோஸ்ட் தீவில் ஒதுங்கினார்கள். மீன்பிடிக் குடும்பங்கள் அவர்களை வீட்டில் வைத்துச் சோறு போட்டுக் காப்பாற்றின. ஊர் திரும்பியபோது அந்தக் காய்ந்த மீனைப் பற்றிய சேதி அவரோடு வந்தது. சரக்கைத் தொலைத்த ஒரு வியாபாரி இன்னொரு சரக்கோடு திரும்பிய கதை இது. எங்களை மாதிரி ஆட்களுக்கு நெஞ்சைத் தொடும். விச்சென்ஸாவுக்குப் பக்கத்தில் சாந்திரிகோ என்ற சின்ன ஊரில் இந்த ஒரு பண்டத்தின் செய்முறையைக் காப்பதற்கென்றே 1987-ல் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள்.

மீனை அடித்து நசுக்கி, தண்ணீர் மாற்றி மாற்றி ரெண்டு மூணு நாள் ஊற வைப்பார்கள். வெங்காயம் வதக்கி, உப்பில் போட்ட சின்ன மீன் சேர்த்து, மாவு தூவிய மீன் துண்டுகளை மண்சட்டியில் அடுக்கி, சீஸ் தூவி, பால் ஊற்றி, மேலே மூழ்கும் வரை ஆலிவ் எண்ணெய். பிறகு மிக மெல்லிய தீயில் நாலரை மணி நேரம். கரண்டி போட்டுக் கிளறவே கூடாது, சட்டியைப் பிடித்து அவ்வப்போது ஆட்டிவிட மட்டும் வேண்டும். அடுத்த நாள் சாப்பிட்டால் இன்னும் நல்லது என்பார்கள்.

மீனும் பாலும் ஒன்றாகச் சேரக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். தட்டு வந்தபோது அது ஒரு கணம் மனசில் ஓடியது. வெண்மையாக, இதழ் இதழாகப் பிரியும் மீன். வெங்காயம் கரைந்து பாலோடு சேர்ந்து கெட்டியாகிவிட்டது. ஓரத்தில் எண்ணெய் மஞ்சளாகத் தனித்து நின்றது. முள்கரண்டி வைத்ததும் உதிர்ந்தது. வாயில் முதலில் தெரிவது இனிப்பு. அதன் அடியிலிருந்து கருவாட்டு வாசம் மெதுவாக மேலே வருகிறது, மூக்கை அடிக்காத, அடங்கிய வாசம். காரம் துளி கிடையாது. ஒன்றும் குறைவாகத் தெரியவில்லை. மாமா பையில் ஊறுகாய்ப் பொட்டலம் வைத்திருந்தார், எடுக்கப் போனார். வேண்டாம் மாமா என்றேன். நாலரை மணி நேரம் ஒருவர் காத்திருந்து சமைத்ததன் மேல் ஆவக்காயைப் பிசையக் கூடாது என்பதுதான் என் கட்சி. மிளகாய் இல்லாமல் முடியவே முடியாது என்றால் பெப்பெரொன்சீனோ என்று கேளுங்கள், தருவார்கள்.

பக்காலாவோடு வருவது பொலென்டா. மக்காச்சோள மாவைக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் தூவி, முக்கால் மணி நேரம் கட்டி தட்டாமல் கிண்டியது. மாமா தன் தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். என் தட்டிலிருந்து வந்த வாசத்தை ஒருமுறை இழுத்தார்.

"மாப்ள, இது நம்ம களியும் கருவாட்டுக் கொழம்பும்டா. அம்மா ஓமலூர் வீட்ல விறகடுப்புல கிண்டுவாங்களே..."

மேலே அவர் பேசவில்லை. மீன் பக்கம் கையும் போகவில்லை. ஆனால் பொலென்டாவை இன்னொரு தட்டு வாங்கினார், விரலால் உருட்டித்தான் சாப்பிட்டார். அந்த அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். அவருடைய பாட்டி காலத்தில் காலையும் ராத்திரியும் இதுதான் சாப்பாடு என்று, கையால் மேலும் கீழும் காட்டிச் சொன்னார். அதில் ஒரு துயரமும் உண்டு. அமெரிக்காவிலிருந்து 16-ம் நூற்றாண்டில் வந்த மக்காச்சோளம் அந்தச் சீமையின் ஏழைக் குடியானவர்களுக்கு ஒரே உணவாகிப் போனது. அதை மட்டுமே தின்றதால் நியாசின் சத்துக் குறைந்து, பெல்லக்ரா என்ற நோய் 18, 19-ம் நூற்றாண்டுகளில் அந்த மக்களை வாட்டியது. ஆயிரக்கணக்கானவர்கள் பிரேசிலுக்குக் கப்பலேறினார்கள். இன்றைக்கு அதே மாவில் பெயர் பெற்ற ரகங்கள் உண்டு. விச்சென்ஸாப் பக்கத்து மரானோ ஊரின் சோளம் அப்படி ஒன்று, 1890 வாக்கில் உருவாக்கியது.

ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "மீனையும் பாலையும் சேத்தா தின்ன?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாழப்பாடியிலிருந்து வாங்கி வந்த மக்காச்சோளத்தை மில்லில் ரவையாக உடைக்கச் சொல்லி, களி கிண்டினார். அந்தப் பக்கம் விளைவது பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது, மில்காரருக்கு ஆச்சரியம். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தோம், புளி போட்டு, பால் இல்லாமல். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள். மாமாவுக்குக் கீரை கடைந்தது.

திரும்ப மேஜைக்கு வருகிறேன். சாப்பிட்டு முடித்ததும் காப்பி. அங்கே காப்பி என்றால் எஸ்ப்ரெஸ்ஸோ, ரெண்டு மடக்கு. கப்புச்சீனோ காலை நேரத்துக்கு, வயிறு நிறைந்த பிறகு பால் காப்பி அவர்கள் குடிப்பதில்லை. மாமாவுக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் உண்டு. ஜனவரியில் அங்கே பழம் பறிப்பு நடந்துகொண்டிருக்கும். சேர்வராயன் மலையில் காப்பி 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்தது. இந்தியக் காப்பியை அதிகம் வாங்குகிற நாடு இத்தாலி. இந்தக் கோப்பையில் நம் நாட்டுக் கொட்டை இருக்க வாய்ப்பு உண்டு என்று மாமாவிடம் சொன்னேன். அவர் சர்க்கரை போட்டுக் கலக்கி, அடி வரை குடித்தார்.

பில்லை அவர்களாகக் கொண்டுவர மாட்டார்கள். நீங்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் கிளம்பு என்று சொல்வது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. "இல் கோன்டோ, பெர் ஃபவோரே" என்று கேட்டால் வரும். அதில் கோபெர்த்தோ என்று ஒரு வரி இருக்கும், தலைக்கு ரெண்டு மூணு யூரோ. ரொட்டிக்கும் மேஜைக்கும் உள்ள கட்டணம் அது, மெனுவிலேயே அச்சடித்திருப்பார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று நம் ஆட்கள் சண்டைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து போகாதீர்கள். டிப்ஸ் கட்டாயம் இல்லை, சில்லறையை விட்டு வந்தால் போதும்.

செலவு பயம் இருப்பவர்கள் மதியம் போங்கள். அந்தப் பக்கம் முழுக்கத் தொழிற்சாலைகள். வேலை நாட்களில் "ப்ரான்ஸோ டி லவோரோ" என்று தொழிலாளர்களுக்கான மதியச் சாப்பாடு போடுவார்கள்: ஒரு ப்ரீமோ, ஒரு செகொண்டோ, காய், தண்ணீர், காப்பி சேர்த்து ஒரே விலை. நீலச் சட்டையில் மெக்கானிக்குகள் பன்னிரண்டு மணிக்கே வந்து உட்காருவார்கள். எங்களுக்கு மிஷின் விற்றவரும் அங்கேதான் சாப்பிடுகிறார். எந்த ரோலர் சீக்கிரம் தேயும், எதை ஸ்டாக்கில் வைக்க வேண்டும் என்று ஸ்டாலில் சொல்லாததை எல்லாம் அந்த மேஜையில்தான் சொன்னார்.

ஜனவரிக்குப் போகிற பசங்களுக்கு: சந்தை வாரத்தில் ஊரில் இடமே கிடைக்காது. ஹோட்டல் ரிசப்ஷனில் சொன்னால் அவர்களே போன் போட்டு மேஜை பிடித்துத் தருவார்கள். எட்டு மணி என்று சொன்னால் எட்டுக்குப் போய் நில்லுங்கள். பக்காலா இருக்கிறதா என்று அந்தப் போனிலேயே கேட்கச் சொல்லிவிடுங்கள். ஊறுவதற்கே ரெண்டு மூணு நாள் ஆகும் பண்டம், தீர்ந்துவிட்டால் அன்றைக்கு மறுபடி கிடைக்காது.